எதிர்பார்க்கப்படும் விளைவு

படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தில்
"எதிர்பார்க்கப்படும் விளைவு" என்று ஒரு கேள்வி.
விண்ணப்பிப்பவர்கள் எல்லோரும்
அங்கேதான் தோரணம் கட்டுவார்கள்.
ஹில்க்கா ரௌடியோ பதினோரு ஆண்டாக
ஒரே வரியை எழுதி அனுப்புகிறாள்:
"எஃகு எந்தக் குளிரில் உடையும் என்று தெரியும்."

நான் எஸ்போவுக்குப் போனது வெட்டுவதற்குத்தான்.
அமைச்சகம் தந்த சிவப்புப் பேனா சட்டைப் பையில்.
நவம்பர். மூன்றரை மணிக்கே இருட்டு.
பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்ததில்
பாதி பனி பூட்ஸுக்குள் வந்துவிட்டது.

சுண்டுவிரல் நீளத்தில் ஒரு துண்டு.
நடுவில் அளந்து போட்ட கீறல்.
உலையின் கொப்பரைச் சுவரோடு
ஒரே வார்ப்பில் பிறந்ததாம்.
சுவர் வாங்கப்போகும் அடியையெல்லாம்
சில வருஷம் முந்தி வாங்கிக்கொள்ள
உள்ளே, தீக்கு இன்னும் பக்கத்தில்,
தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஈயக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
இயந்திரக் கைகள் அதை எடுத்து வைத்தன,
குழந்தைக்குச் சட்டை மாட்டும் நிதானத்தில்.
மைனஸ் முப்பது.
சுத்தி மேலே போய் நின்றது.
விட்டாள்.

டங்.
அவ்வளவுதான்.
திரையில் ஒரு எண்.

"இதற்கா எண்பத்து நாலாயிரம் யூரோ?
ஆலைக்காரர்களும் இதே சோதனையைச் செய்கிறார்களே,
அவர்கள் செலவில்?"

கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்:
"செய்கிறார்கள். ஒழுங்காகவே செய்கிறார்கள்.
கேட்டால் பதில் தருவார்கள், பொய் சொல்ல மாட்டார்கள்.
ஆனால் நமக்குக் கேட்கத் தெரிந்த கேள்விக்குத்தானே
பதில் வரும்?"

மூலையில் ஏரிக் லும்மே
ரை ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான்.
கண்காணிப்பு ஆணையத்து ஆள்.
இன்னும் இருபது ஆண்டு ஓடலாம் என்ற தாளில்
கையெழுத்துப் போட வேண்டியவன்.
கையெழுத்துக்குச் சம்பளம் இருக்கிறது.
அவன் தயங்குவதற்கான செலவு
எந்தத் தலைப்பில் வரும் என்று
என் பேரேட்டில் தேடினேன். இல்லை.

ஏழாவது துண்டு
வளைகோடு சொன்னதற்கு முன்பே உடைந்தது.
யாரும் பதறவில்லை.
லும்மே மெல்லுவதை நிறுத்தினான்.
ஹில்க்கா பென்சிலால் குறித்துக்கொண்டாள்,
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
"தப்பாகவும் இருக்கலாம்.
ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
இதே அடுப்பில் வெந்தது இன்னும் நாலு இருக்கிறது."

திரும்பும் பேருந்தில் படிவத்தைப் பிரித்தேன்.
புதுமை: ஐந்துக்கு ஒன்று.
மனசாட்சிப்படி அதுதான் நியாயம்.
பயன் என்ற இடத்தில் பேனா நின்றது.
எதிர் இருக்கையில் ஒரு பையன்
கைபேசி வெளிச்சத்தில் தூங்கிப்போயிருந்தான்.
நகரம் முழுக்க ஜன்னல்கள் மஞ்சளாய்.
ஐந்து என்று எழுதி,
அடித்து,
மறுபடி ஐந்து என்று எழுதினேன்.

குழுக் கூட்டத்தில் பெர்த்துலா அம்மையார் கேட்டார்:
"பதினோரு வருஷமாய் என்ன நடந்தது?"
"ஒன்றும் நடக்கவில்லை" என்றேன்.
பெருமையாகத்தான் சொன்னேன்.
அவர் தலையை ஆட்டிக்கொண்டு
வேறு மாதிரி எழுதிக்கொண்டார்.
பக்கத்துக் கோப்பில்
பேசும் குளிர்சாதனப் பெட்டி ஒன்று
நல்ல வண்ணப் படங்களோடு காத்திருந்தது.

கிடைத்தது அறுபதாயிரம்.

வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து மின்னஞ்சல்.
நன்றி இல்லை, கோபமும் இல்லை.
"மூன்றை உடைக்கலாம்.
நாலாவது பெட்டியில் இருக்கும்.
ஏரிக்கிடம் சொல்லிவிட்டேன்,
பேனாவை மூடி வைக்கச் சொல்லி.
அடுத்த ஆண்டுப் படிவம் எப்போது வரும்?

பி.கு.: ஒன்பதாம் கட்டத்தை
கொஞ்சம் பெரிதாக்க முடியுமா?
கேள்விக்குறிக்கு இடம் போதவில்லை."